அழாதவர்களின் பட்டியல்

1936 ஜனவரி 20-ஆம் தேதி இரவு. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்துகொண்டிருந்தார். மன்னரின் வாழ்வு அமைதியாக முடிவை நெருங்குகிறது என்று அவருடைய மருத்துவர் டாசன் பிரபு எழுதிக்கொடுத்த அறிக்கையை பிபிசி வானொலி திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. ஆனால், முடிவுதான் வந்தபாடில்லை. பதினொரு மணி வாக்கில் டாசன், மன்னரின் கழுத்து ரத்தக்குழாயில் மார்ஃபினும் கோக்கெய்னும் ஏற்றினார். நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மன்னர் காலமானார்.

ஏன் அந்த நேரம்? டாசனே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். மன்னரின் கண்ணியத்தையும் குடும்பத்தாரின் தவிப்பையும் எண்ணித்தான் அப்படிச் செய்ததாகச் சொல்கிறார். கூடவே இன்னொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறார்: செய்தி முதலில் காலை ‘டைம்ஸ்’ இதழில் வர வேண்டும், அவ்வளவு மதிப்பில்லாத மாலைப் பத்திரிகைகளுக்குப் போய்விடக் கூடாது. அன்றிரவு லண்டனில் இருந்த மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, டைம்ஸ்காரர்களிடம் பக்கத்தை நிறுத்தி வைக்கச் சொல் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் குறிப்பு ஐம்பது ஆண்டு கழித்து 1986-ல்தான் வெளியே வந்தது.

செய்தி ஆசிரியர்கள் ஒரு சாவுக்காக முதல் பக்கத்தைக் காக்க வைத்த இரவுகள் எல்லா நாளிதழ்களிலும் உண்டு. அஞ்சலிக் கட்டுரைகளும் முன்கூட்டியே எழுதப்பட்டு, தேதியை மட்டும் நிரப்பக் காத்திருக்கும். எலிசபெத் டெய்லர் 2011-ல் இறந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட அஞ்சலியை எழுதிய மெல் கஸ்ஸோ, அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். இதெல்லாம் தொழில், இதில் தப்பில்லை. சாண்ட்ரிங்ஹாமில் நடந்தது தலைகீழ். அங்கே பக்கத்துக்காகச் சாவு சரிசெய்யப்பட்டது.

அரச குடும்பத்தினரோ பெரிய நட்சத்திரங்களோ இறக்கும்போதெல்லாம், இது ஊடகம் கிளப்பிவிட்ட துக்கம், முன்பின் பாராதவருக்காக அழுவது போலித்தனம் என்று சொல்ல ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நேரில் பார்த்தே இராத ஒருவருக்காக வருகிற கண்ணீரிலும் பொய் இல்லை. அந்தச் சாவைச் சாக்காக வைத்து, அம்மாவையோ பிள்ளையையோ இழந்தபோது அழாமல் விட்டதையும் சேர்த்து அழுகிறவர்கள் உண்டு. அழட்டும். என் புகார் வேறு. துக்கம் தானாக வருகிறது. ஊடகம் அதற்குப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி வருகைப் பதிவேட்டோடு வந்து நிற்கிறது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் கறுப்பு உடுத்தவில்லை என்று பெயர் கூப்பிடத் தொடங்குகிறது. அந்தப் பட்டியலை வைத்திருப்பவர்களை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதை 1997-இன் அந்த ஒரு வாரத்தை வைத்தே காட்டிவிடலாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு அதிகாலை. பாரிஸில் அல்மா சுரங்கப்பாதையின் தூணில் மோதிய காரில் இருந்த இளவரசி டயானா, பித்தியே-சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 36. அந்தக் காரை மோட்டார் சைக்கிளில் துரத்திவந்த படக்காரர்கள் சம்பவ இடத்திலேயே பிடிபட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான், ஆகஸ்ட் 10 அன்று, காதலர் டோடி ஃபயதுடன் டயானா கடலில் படகில் இருந்த படத்தை ‘சண்டே மிரர்’ வெளியிட்டிருந்தது. அதற்குக் கொடுத்த விலை இரண்டரை லட்சம் பவுண்டு என்று அப்போது பேச்சு. டயானாவின் தம்பி சார்லஸ் ஸ்பென்சர் அன்று கேப் டவுனில் தன் வீட்டு வாசலில் நின்று பேசினார். பத்திரிகைகள் கடைசியில் அக்காவைக் கொன்றுவிடும் என்று எப்போதும் நம்பினேன். இப்படிப்பட்ட படங்களுக்குக் காசு கொடுத்த ஒவ்வோர் உரிமையாளர், ஆசிரியர் கையிலும் இன்று ரத்தம் இருக்கிறது என்றார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. தெருவில் செய்தியாளர்களைப் பார்த்து ஜனங்கள் கத்தினார்கள். அன்று காலை பிரதமர் டோனி பிளேர் தன் தொகுதியில் ஒரு தேவாலய வாசலில் நின்று ‘மக்களின் இளவரசி’ என்று சொன்ன இரண்டு வார்த்தை அந்த வாரம் முழுக்க ஒலித்தது. கென்சிங்டன் மாளிகை வாசலில் பூங்கொத்துகள் மலைபோல் குவிந்தன. செயின்ட் ஜேம்ஸ் மாளிகையில் இரங்கல் எழுத முதலில் நாலைந்து ஏடுகள்தான் வைத்தார்கள். கூட்டம் தாங்காமல் கடைசியில் 43 ஆக்கினார்கள். அப்படியும் ஒரு வரி எழுதிவிட்டுப் போக மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இதையெல்லாம் எந்த ஆசிரியரும் ஏற்பாடு செய்துவிட முடியாது.

வியாழக்கிழமைக்குள் குற்றவாளி மாறிவிட்டார்.

அரசி எலிசபெத் அப்போது ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகையில், தாயை இழந்த இரண்டு பேரன்களோடு இருந்தார். வில்லியமுக்குப் 15 வயது, ஹாரிக்கு 12. லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனையின் கொடிக்கம்பம் வெறுமனே நின்றது. அதற்கு ஒரு முறைமை உண்டு. அரசர் அரண்மனையில் இருந்தால் மட்டுமே அரசக் கொடி ஏறும். அதுவும் ஒருபோதும் அரைக்கம்பத்துக்கு இறங்காது. ஏனென்றால் ஒருவர் இறந்த நொடியே அடுத்தவர் அரசராகிவிடுகிறார். அரியணை காலியாவதே இல்லை. தன் அப்பாவுக்கே இறக்காத கொடியை மருமகளாக இருந்து விலகிப்போனவருக்கு எப்படி இறக்குவது என்று அரண்மனைக்காரர்கள் யோசித்திருப்பார்கள். தெருவில் நின்றவர்களுக்கு அந்த மொட்டைக் கம்பம் வேறு மாதிரி தெரிந்தது. அந்த உணர்வும் நிஜம்தான். ஆனால், அதைக் கையில் எடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். செப்டம்பர் 4 அன்று ‘சன்’ நாளிதழ், அரசி எங்கே, கொடி எங்கே என்று முதல் பக்கத்தில் கேட்டது. ‘மிரர்’, உங்கள் ஜனங்கள் துடிக்கிறார்கள், பேசுங்கள் அம்மா என்றது. ‘எக்ஸ்பிரஸ்’, உங்களுக்கு அக்கறை இருப்பதைக் காட்டுங்கள் என்றது.

கையில் ரத்தம் என்று சொல்லப்பட்டதற்கு நாலாம் நாள், ஒரு பாட்டி பேரன்களோடு வீட்டில் இருப்பதைக் குற்றமாக்கி, அதே பத்திரிகைகள் வழக்கு நடத்தின. ஜெயிக்கவும் செய்தன. வெள்ளிக்கிழமை அரசி லண்டனுக்கு வந்து, ஜன்னலுக்குப் பின்னால் கூட்டம் தெரியும்படி உட்கார்ந்து, அரசியாகவும் பாட்டியாகவும் பேசுவதாக நேரலையில் சொன்னார். சனிக்கிழமை சவ ஊர்வலம் அரண்மனையைக் கடந்தபோது வாசலுக்கு வந்து நின்று தலை குனிந்தார். கம்பத்தில் பிரிட்டன் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அதற்கு முன் அங்கே அப்படிப் பறந்ததில்லை. இரண்டு பையன்களும் உலகமே பார்க்க அம்மாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். எந்தக் குழந்தையையும் அப்படிச் செய்யச் சொல்லக் கூடாது என்று ஹாரி இருபது ஆண்டு கழித்துச் சொன்னார்.

அந்த வாரத்தின் உண்மையைச் சரியாகப் பிடித்தது ‘பிரைவேட் ஐ’ என்ற நையாண்டி இதழ்தான். அட்டையில் அரண்மனை வாசல் கூட்டத்தின் படம். மேலே, எல்லாம் ஊடகத்தால் வந்தது என்ற தலைப்பு. கூட்டத்தில் ஒருவர் பத்திரிகைகள் படுகேவலம் என்கிறார். ஆமாம், எங்கே தேடியும் ஒரு பிரதி கிடைக்கவில்லை என்கிறார் அடுத்தவர். என்னுடையதை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் காரின் படம் இருக்கிறது என்கிறார் மூன்றாமவர். அந்த இதழைச் சில பெரிய கடைகள் விற்கவே மறுத்துவிட்டன. டயானாவைத் துரத்திய படங்களை ஆண்டுக்கணக்காக அடுக்கிவைத்து விற்ற அதே கடை அடுக்குகள்! வாசகனையும் சேர்த்துக் குத்திய அந்த நகைச்சுவையை அந்த வாரத்தில் யாராலும் தாங்க முடியவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? டெய்லி மெயில் உரிமையாளர் ராதர்மியர் பிரபு, இனி தன் அனுமதியில்லாமல் பாப்பராசி படங்களை வாங்கக் கூடாது என்று தன் ஆசிரியர்களுக்கு உத்தரவிட்டார். பத்திரிகைப் புகார் ஆணையத்தின் நெறிமுறைகள் திருத்தப்பட்டு 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. 2008-ல் லண்டன் மரண விசாரணையின் ஜூரிகள், குடித்திருந்த ஓட்டுநர் ஆன்றி பாலும் பின்தொடர்ந்த வாகனங்களும் படுமோசமான அலட்சியத்தோடு ஓட்டியதே சாவுக்குக் காரணம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பின்தொடர்ந்த வாகனங்கள் என்ற பகுதி நிறையப் பேருக்கு நினைவில் இல்லை. அரண்மனைக் கொடி எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

டயானாவின் இறுதிச் சடங்குக்கு முதல்நாள், செப்டம்பர் 5 அன்று, கொல்கத்தாவில் அன்னை தெரசா காலமானார். இருவருக்கும் ஊடகம் ஒதுக்கிய இடத்தை ஒப்பிட்டு அப்போதிலிருந்தே எழுதிவருகிறார்கள். 87 வயதில் முடிந்த வாழ்வும் 36-ல் அறுந்த வாழ்வும் ஒரே மாதிரி அதிர்ச்சி தராது என்பதால் அந்த ஒப்பீட்டில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த ஆண்டு வேறு விதமாக நினைவிருக்கும். சவ ஊர்வலத்துக்கு வாசலில் வந்து நின்ற அதே அரசி, ஆறு வாரம் கழித்து அக்டோபரில் சென்னைக்கு வந்து, கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ தொடக்க விழாவில் உட்கார்ந்திருந்தார்.

1997 பாடத்தை யார் கற்றார்களோ இல்லையோ, பிபிசி தன் பங்குக்கு ஒன்றை 2002-ல் கற்றது. அந்த ஆண்டு மார்ச் 30 அன்று அரசியின் தாயார் 101 வயதில் இறந்த செய்தியை வாசித்த பீட்டர் சிஸன்ஸ், கறுப்பு டை கட்டாமல் அடர்சிவப்பு டை கட்டியிருந்தார். வலதுசாரிப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. நூற்றியொரு வயது மூதாட்டியின் இயற்கையான மரணத்தில் விவாதத்துக்குரிய பொருளாக அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கழுத்துப்பட்டை! அதற்குப் பிறகு பிபிசி எதையும் விட்டுவைக்கவில்லை. 2021 ஏப்ரல் 9-ல் இளவரசர் ஃபிலிப் 99 வயதில் இறந்தபோது, பிபிசி ஒன்று, பிபிசி இரண்டு இரண்டிலும் வழக்கமான நிகழ்ச்சிகளை எல்லாம் தூக்கிவிட்டு ஒரே அஞ்சலியை ஓட்டினார்கள். ‘மாஸ்டர்செஃப்’ சமையல் போட்டியின் இறுதிச்சுற்றுகூடத் தள்ளிப்போனது. ஜனங்கள் கோபப்பட்டார்கள். புகார் சொல்வதற்கென்றே இணையத்தில் தனிப் படிவம் ஒன்றை பிபிசி திறக்க வேண்டியதாயிற்று. வந்த புகார்கள் 1,09,741. அதுவரை எந்த நிகழ்ச்சிக்கும் அவ்வளவு வந்ததில்லை. புகார் சொல்வதை இவ்வளவு சுலபமாக்கிவிட்டீர்களே என்று புகார் சொன்னவர்களும் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். நேயர்கள் பலர் அன்றிரவு சானல் 4-இல் ‘காகிள்பாக்ஸ்’ பார்க்கப் போய்விட்டார்கள். சோஃபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பவர்களைக் காட்டும் நிகழ்ச்சி அது.

ஃபிலிப்பை அந்த ஜனங்களுக்குப் பிடிக்காமல் இல்லை. தாங்கள் எவ்வளவு நேரம் துக்கப்பட வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவுசெய்ததுதான் பிடிக்கவில்லை. பிபிசியைக் கேட்டால், குறைத்திருந்தால் பத்திரிகைகள் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கும் என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

எலிசபெத் 2022 செப்டம்பர் 8-ல் இறந்தபோது அந்தப் பயம் நாடு முழுக்கப் பரவியிருந்தது. மாரிஸன்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இயந்திரத்தின் ‘பீப்’ ஓசையைக் குறைத்தார்கள். வானிலை ஆய்வு மையம், தினசரி முன்னறிவிப்பும் எச்சரிக்கையும் தவிர வேறெதையும் சமூக ஊடகத்தில் போட மாட்டோம் என்றது. நாரிச் நகரில் சைக்கிள் நிறுத்துமிடம் ஒன்று துக்கத்தை முன்னிட்டு மூடப்பட்டது. சென்டர் பார்க்ஸ் விடுமுறை விடுதிகள், இறுதிச் சடங்கு நாளன்று தங்கியிருப்பவர்களை வெளியேறச் சொல்லி, கண்டனம் கிளம்பியதும் பின்வாங்கின. அன்று மருத்துவமனைகளில் முன்பதிவான சிகிச்சைகள் பல தள்ளிப்போடப்பட்டன. இந்தக் கடைக்காரர்களும் அதிகாரிகளும் அரச பக்தியில் உருகிப்போய் இதைச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. நாளைக் காலைப் பத்திரிகையில் மரியாதை தெரியாதவர்கள் வரிசையில் நம் பெயர் வந்துவிடக் கூடாது என்ற கவலைதான் பெரிது. இந்தியாவிலும் செப்டம்பர் 11 ஒருநாள் அரசு துக்கமாக அறிவிக்கப்பட்டு, நாடெங்கும் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. இங்கே அதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதுவே ஆரோக்கியமான மனநிலை.

செப்டம்பர் 8 பகலில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? பிரதமராகி இரண்டே நாளான லிஸ் டிரஸ், மின்சார–எரிவாயுக் கட்டண உயர்வைத் தடுக்கும் திட்டத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். ஒரு சராசரிக் குடும்பத்தின் ஆண்டுக் கட்டணம் 2,500 பவுண்டு அளவில் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். வரப்போகும் குளிரில் எப்படிச் சமாளிப்பது என்று லட்சக்கணக்கானவர்கள் கவலையோடு காத்திருந்த அறிவிப்பு. விவாதத்தின் நடுவில் துண்டுச்சீட்டுகள் கைமாறின. அரசியின் உடல்நிலை பற்றிய செய்தி அது. அதோடு கட்டணப் பேச்சு செய்திகளிலிருந்து காணாமல் போனது.

இது புதிதல்ல. 1817 நவம்பர் 6-ல் பிரிட்டன் அரியணைக்கு வரவேண்டிய இளவரசி சார்லட், இறந்த குழந்தையைப் பெற்ற சில மணி நேரத்தில் 21 வயதில் இறந்தார். நாடே கறுப்பு உடுத்தியது. துணிக்கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோயிற்று. ரிப்பன் நெய்கிறவர்கள், துக்க காலத்தைக் குறைக்காவிட்டால் நாங்கள் திவாலாகிவிடுவோம் என்று அரசுக்கு மனுப் போட்டார்கள். பிரசவம் பார்த்த மருத்துவர் ரிச்சர்ட் கிராஃப்ட் பழிச்சொல் தாங்காமல் மூன்று மாதத்தில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். பழிசுமத்த ஆள் தேடும் வேட்டைக்கு அப்போதும் ஒரு பலி.

சார்லட் இறந்த மறுநாள், டார்பி நகரில் பிராண்ட்ரெத், டர்னர், லட்லாம் என்ற மூன்று தொழிலாளிகளைத் தூக்கிலிட்டுத் தலையை வெட்டினார்கள். பென்ட்ரிச் என்ற ஊரில் கலகம் செய்தார்கள் என்பது குற்றம். அரசாங்கம் அனுப்பிய ஆலிவர் என்ற உளவாளியே அவர்களைத் தூண்டிவிட்டான் என்பது அதற்குள் ஊரறிந்த செய்தி. கவிஞர் ஷெல்லி அதைப் பற்றி உடனே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். தலைப்பில் இளவரசியின் மரணம் என்று இருக்கும். உள்ளே போனால், தூக்கிலேறிய மூவருக்கும் அன்பு காட்டும் குடும்பம் உண்டே என்று கேட்பார். இளவரசிக்காக அழாதே என்று அவர் சொல்லவில்லை. பிரசவத்தில் சாகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, ஒரு நாடு ஒன்றாகச் சேர்ந்து துக்கப்படுவதற்கு வேறு காரணமும் இருக்க வேண்டாமா என்பது அவருடைய வாதம். இருநூறு ஆண்டுக்கு முந்தைய அந்தப் பிரசுரத்தைவிட மேலாக இந்தப் பொருளில் எதையும் நான் படித்ததில்லை.

2022-ல் ஷெல்லி இல்லை, நேரலை இருந்தது. செப்டம்பர் 10 அன்று மத்திய லண்டன் சாலையில் பெருங்கூட்டம் நடந்து போவதை ஸ்கை நியூஸ் மேலிருந்து காட்டியது. அரசிக்கு அஞ்சலி செலுத்த வந்த ஜனங்கள் என்று தொகுப்பாளர் நெகிழ்ச்சியோடு வர்ணித்தார். உண்மையில் அது ஒரு கண்டன ஊர்வலம். ஐந்து நாள் முன்பு தெற்கு லண்டனில் காவலர் சுட்டதில் இறந்துபோன நிராயுதபாணியான கறுப்பின இளைஞருக்கு நியாயம் கேட்டு, அவருடைய குடும்பமும் மற்றவர்களும் நடந்த ஊர்வலம். கையில் பதாகைகள் இருந்தன. உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாத் துக்கமும் ஒரே துக்கமாகத்தான் தெரியும் போலிருக்கிறது. பிறகு தொலைக்காட்சி வருத்தம் தெரிவித்தது. தங்கள் பிள்ளைக்காக அழுதவர்களையும் பதிவேட்டில் அரசி பக்கம் வரவு வைத்துவிட்டார்கள்!

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அரசியின் உடல் வைக்கப்பட்டிருந்த நாட்களில் தேம்ஸ் கரையோரம் நீண்ட வரிசையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்து போனார்கள். வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று அரசாங்கமே யூடியூபில் நேரலையாகக் காட்டியது. முன்பின் தெரியாதவர்கள் ராத்திரி முழுக்கக் குளிரில் பிஸ்கட்டைப் பகிர்ந்துகொண்டு நின்றார்கள். ஏன் வந்தீர்கள் என்று மைக்கை நீட்டியபோது பலருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. அங்கேயும் பதிவேடு வந்தது. டேவிட் பெக்காம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பொதுவரிசையில் நின்றார் என்று பாராட்டு மழை. ஐடிவி காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் ஹாலி வில்லோபியும் ஃபிலிப் ஸ்கோஃபீல்டும் வரிசையைத் தாண்டிப் போனார்கள் என்று வசை. செய்தி சேகரிக்க அனுமதி பெற்றுத்தான் போனோம் என்று விளக்கியும் எடுபடவில்லை. அவர்களை வேலையை விட்டு நீக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அதே வாரத்தில் முடியாட்சிக்கு எதிராகக் குரல் எழுப்பியவர்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் புதிய மன்னரைப் பற்றி, இவரை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்ட ஒருவரைக் கைவிலங்கு போட்டு வண்டியில் ஏற்றினார்கள். வரிசைத் தகராறுக்குக் கிடைத்த அச்சு மை இதற்குக் கிடைக்கவில்லை.

2025 ஜனவரி 22-ஆம் தேதி லண்டன் உயர் நீதிமன்றத்தில் ‘சன்’ நாளிதழின் நிறுவனம், இளவரசர் ஹாரியிடம் முழு மன்னிப்புக் கேட்டு, பெருந்தொகை கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அவருடைய அந்தரங்கத்தில் ‘சன்’ அத்துமீறி நுழைந்ததையும், அந்தப் பத்திரிகைக்காக வேலை பார்த்த தனியார் துப்பறிவாளர்கள் சட்டவிரோதமாக நடந்துகொண்டதையும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவருடைய இளம் வயதில் அவர் மீதும், மறைந்த தாயார் டயானா மீதும் நடந்த அத்துமீறலுக்கும் அந்த அறிக்கையில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ‘சன்’ செய்த தவறுகளுக்கு அறிக்கையிலேயே காலம் குறித்திருக்கிறார்கள்: 1996 முதல் 2011 வரை. அரசி எங்கே, கொடி எங்கே என்று அந்தப் பத்திரிகை நாட்டின் சார்பாகக் கேட்ட 1997 செப்டம்பர் 4, வியாழக்கிழமையும் அதற்குள்தான் வருகிறது.